வயசுக்கு வந்த பிள்ளை கபடி ஆடலாமா?

கேள்வி: எங்களுக்கு முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். நான் வீட்டில் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் சென்னையில் பலசரக்குக் கடையில் வேலை பார்க்கிறார். மூத்த மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் கபடி ஆடுகிறாள். குறுவட்டப் போட்டியில் அவள் பள்ளி ஜெயித்தது. பி.டி. டீச்சர், "நல்லா வருவா, தினமும் காலையில அனுப்புங்க" என்கிறார். ஆறு மாதத்துக்கு முன்னால் வயதுக்கு வந்தாள். அதிலிருந்து என் மாமியார் அனுப்பவே கூடாது என்று நிற்கிறார். குதித்தால் கர்ப்பப்பை இறங்கிவிடும், கை கால் ஒடிந்தால் யார் கட்டுவார் என்று கேட்கிறார். அவரே இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆற்றுப் படித்துறையில் வழுக்கி மணிக்கட்டை ஒடித்துக்கொண்டவர். இன்னும் அந்தக் கையால் சுளகு பிடிக்க முடியவில்லை. இப்போது பிள்ளைக்கு முட்டிக்குக் கீழே வலி வேறு. வீட்டுக்காரர், "கவர்மென்ட் வேலை கிடைக்கும்னா அனுப்பு, இல்லன்னா படிக்கட்டும்" என்கிறார். எது அவளைக் கரை சேர்க்கும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அனுப்புங்கள். முட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, ரத்தத்தையும் ஒருமுறை சோதித்துவிட்டு அனுப்புங்கள். காரணம் மட்டும் உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் காரணமாக இருக்க வேண்டாம்.

கர்ப்பப்பைப் பயத்தை முதலில் முடித்துவிடலாம். நான் பாளையங்கோட்டையில் 21 வருடமாக பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். இந்தக் கேள்வி வராத மாதம் கிடையாது. கர்ப்பப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள், தசையும் நாரும் தாங்கிப் பிடிக்க, பத்திரமாக இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை குதித்து ஆடுவதால் அது கழன்று இறங்காது. இறங்குவதற்கு வேறு காரணங்கள் உண்டு: பல பிரசவம், வயது, மாதவிடாய் நின்றபின் வரும் தளர்ச்சி, வருடக்கணக்கில் முக்கிப் பாரம் தூக்குவது, தீராத மலச்சிக்கல். இதில் எதுவும் உங்கள் மகளுக்கு இல்லை. ஆசிய விளையாட்டில் பெண்கள் கபடி 2010-ல், சீனாவின் குவாங்சோவில்தான் முதன்முதலாகச் சேர்ந்தது. அந்த முதல் தங்கமே நம் பெண்களுக்குத்தான். அந்த மூன்று நாளும் ஆடக் கூடாது என்று மருத்துவத்தில் விதி எதுவும் இல்லை. வலி இருந்தால் உட்காரட்டும், இல்லாவிட்டால் ஆடட்டும். அதை அவளே முடிவு செய்யட்டும்.

சரி, இப்போது உங்கள் மாமியாரின் மணிக்கட்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்தது அந்த வரியைத்தான்.

படித்துறையில் பாசி வழுக்குவது புதிதில்லை. சின்னப் பிள்ளைகள் தினமும் வழுக்கி விழுந்து சிரித்துக்கொண்டே எழுந்திருக்கிறார்கள். கையை ஊன்றி விழுந்த மாத்திரத்தில் மணிக்கட்டு ஒடிகிறதென்றால், பெரும்பாலும் எலும்பு அதற்கு முன்பே மெலிந்து போயிருக்கிறது. மாதவிடாய் நின்றபின் சில வருடங்களில் பெண்களுக்கு எலும்பு வேகமாகக் கரையும். யாராலும் அதை முழுசாகத் தடுக்க முடியாது. ஆனால் கரையத் தொடங்கும்போது கையிருப்பு எவ்வளவு என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். அந்தக் கையிருப்பைச் சேர்க்கும் காலம் உங்கள் மகளுக்கு இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

எலும்பை நாம் வீட்டு உத்தரம் மாதிரி நினைக்கிறோம். ஒருமுறை வைத்தால் அப்படியே கிடக்கும் என்று. அது உயிருள்ள பொருள். உள்ளே கரைக்கும் செல்லும் கட்டும் செல்லும் ஓயாமல் வேலை பார்க்கின்றன. எங்கே அடி விழுகிறதோ, எங்கே தசை பிடித்து இழுக்கிறதோ, அங்கே கூடுதலாகக் கட்டு என்று உத்தரவு போகும். கனடாவில் பிள்ளைகளை வருடா வருடம் அளந்து பார்த்தார்கள். மளமளவென்று வளர்கிற அந்தப் பருவத்தில், இரண்டே வருடத்தில், பெரியவர்களுக்கு இருக்கும் மொத்த எலும்புச் சத்தில் ஏறக்குறைய கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. பெண்பிள்ளைகளுக்கு அந்த வேகம் உச்சத்தில் இருப்பது பன்னிரண்டரை வயதை ஒட்டி. பையன்களுக்கு அது ஒன்றரை வருடம் போல் தள்ளி வரும்.

பின்லாந்தில் 1995-ல் செய்த ஒரு ஆராய்ச்சி எனக்கு மிகவும் பிடிக்கும், அதன் எளிமைக்காகவே. டென்னிஸ், ஸ்குவாஷ் ஆடும் பெண்களின் இரண்டு கைகளையும் ஒப்பிட்டார்கள். ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே பரம்பரை. ஒரு கை மட்டை பிடிக்கிறது, மற்றது சும்மா இருக்கிறது. மட்டை பிடித்த கையின் எலும்பு எல்லோருக்கும் கூடுதலாகத்தான் இருந்தது. ஆனால் வயதுக்கு வருவதற்கு முன்பே, அல்லது அந்தச் சமயத்தில், ஆட ஆரம்பித்தவர்களுக்குக் கிடைத்த லாபம், பிற்பாடு ஆரம்பித்தவர்களுக்குக் கிடைத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதாவது, உங்கள் வீட்டில் "இனிமேல் ஆடாதே" என்று சொல்லும் அதே நேரம்தான் எலும்பு "இப்போது ஆடு" என்று கேட்கும் நேரம். பிசானத்துக்கு நாற்றுப் பாவுகிற நாளில் வயலைப் பூட்டி வைத்துவிட்டு, தை மாதம் போய் அறுப்புக்கு நின்றால் என்ன கிடைக்கும்? உங்கள் மாமியார் வயல் வேலை பார்த்தவராக இருந்தால் இதை அவரிடம் இப்படியே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

சேர்த்தது நிற்குமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் பேஸ்பால் பந்து எறிகிற ஆட்டக்காரர்களை வைத்து 2014-ல் அதையும் பார்த்தார்கள். ஆட்டத்தை விட்டுப் பல பத்து வருடம் ஆன கிழவர்களிடம்கூட, எறிந்த கையின் எலும்புப் பருமனில் சேர்ந்த லாபத்தில் பாதியும், பலத்தில் மூன்றில் ஒரு பங்கும் மிச்சம் இருந்தது. இருபது வயதில் செய்ததற்கு எண்பது வயதில் கூலி!

ஒரு விஷயம் இடையில். நம் பக்கம் ஆறு ஓடுகிறது, நீச்சல் போதாதா என்று சிலர் கேட்பார்கள். தாமிரபரணியில் நீந்துவது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அருமையான வேலை. எலும்புக்கு அவ்வளவு உதவாது. தண்ணீர் உடம்பின் பாரத்தைத் தாங்கிவிடுகிறது, எலும்புக்கு அடி விழுவதில்லை. அதற்குக் கபடி, கயிறு தாண்டுதல், பாண்டி ஆட்டம் மாதிரி குதித்து இறங்குவதுதான் சரி. பாண்டி ஆடியவரைக்கும் பாட்டிமார் யாரும் ஆட்சேபிக்கவில்லை, கபடி என்றதும்தான் கர்ப்பப்பை ஞாபகம் வருகிறது.

ஆனால் எல்லாமே எலும்பு மாதிரி தங்காது. இதையும் சொல்லாமல் விட்டால் நான் பாதிதான் சொன்னதாக ஆகும்.

என்னிடம் ஒரு அண்ணாச்சி வருகிறார். கல்லூரி நாட்களில் வாலிபால் ஆடினால் வ.உ.சி. மைதானத்தில் அவரைப் பார்க்கவே ஆள் நிற்கும். அந்த ஆட்டத்தால் வேலை கிடைத்தது, வேலை கிடைத்ததும் ஆட்டம் நின்றது. இப்போது 52 வயது. சர்க்கரை, பிரஷர், இரண்டு முட்டியிலும் தேய்மானம். முதல் நாள், மாடிப்படி பன்னிரண்டு ஏறி வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கி முடித்தபின் அவர் சொன்னது: "நான் அந்தக் காலத்துல எவ்வளவு ஆடியிருக்கேன், அது என்னைக் காப்பாத்தும்னு நெனச்சேன்மா." அவர் மட்டும் இல்லை, பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்து வெளியேறிய சுமார் 17,000 பேரை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஒரு புகழ்பெற்ற ஆராய்ச்சி உண்டு. கல்லூரியில் பெரிய ஆட்டக்காரராக இருந்து பின்னால் உட்கார்ந்துவிட்டவர்களுக்கு, மாரடைப்பு விஷயத்தில் அந்தப் பழைய ஆட்டம் எந்தச் சலுகையும் தரவில்லை. கல்லூரியில் மைதானப் பக்கமே போகாமல் இருந்து, பிற்பாடு சுறுசுறுப்பாக மாறியவர்கள் நன்றாக இருந்தார்கள். எலும்பு பழைய உழைப்பை ஞாபகம் வைத்திருக்கும். இதயம் இந்த வாரம் என்ன செய்தாய் என்று மட்டும்தான் கேட்கும்.

அதனால்தான் வேலைக்காக ஆட அனுப்பாதீர்கள் என்கிறேன். வேலைக்காக ஆடிய ஆட்டம் வேலை கிடைத்த அன்றே முடிந்துவிடும். கிடைக்காவிட்டால் பன்னிரண்டாம் வகுப்போடு முடிந்துவிடும். உங்கள் வீட்டுக்காரர் கேட்பதில் தப்பில்லை, தகப்பன் கேட்காமல் யார் கேட்பார்? தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. நம் பக்கத்து மணத்தி கிராமத்திலிருந்து போன கணேசன் 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய கபடி அணியில் இருந்தார், அர்ஜுனா விருதும் பெற்றார். கோவில்பட்டி மண்ணிலிருந்து மாரீஸ்வரன் சக்திவேல் இந்திய ஹாக்கி அணிக்குப் போனார். இவையெல்லாம் நிஜம். ஆனால் குறுவட்டத்தில் ஜெயித்த பிள்ளைகளில் வருவாய் மாவட்டத்தைத் தாண்டுவதே கொஞ்சம் பேர், மாநிலம் அதிலும் கொஞ்சம். ஒதுக்கீட்டுக்கு அந்த உயரத்துச் சான்றிதழ்தான் வேண்டும். வந்தால் சந்தோஷம். வராவிட்டால் அவள் ஆடியது வீண் என்று வீட்டில் யாரும் சொல்லாமல் இருந்தால் போதும்.

படிப்பு கெடுமா? சுவீடனில் முன்பு ராணுவத்துக்கு எடுக்கும்போது 18 வயதுப் பையன்கள் ஏறக்குறைய எல்லோரையும் சோதித்தார்கள். அப்படி 12 லட்சம் பேரின் பதிவுகளை எடுத்து 2009-ல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார்கள். 15 வயதுக்கும் 18 வயதுக்கும் நடுவில் மூச்சுத் திறன் கூடியவர்கள் அறிவுத்திறன் சோதனையிலும் நன்றாகச் செய்தார்கள். பிற்காலத்தில் கூடுதலாகப் படித்தும் இருந்தார்கள். வெறும் தசை பலத்துக்கு அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை, மூச்சு வாங்க ஓடி ஆடுவதற்குத்தான். இது பையன்களின் கணக்கு என்பதையும், ஓடினால் மார்க் வரும் என்று இது நிரூபிக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஓடினால் மார்க் போகும் என்று பயப்பட இடமில்லை. நான் படித்த பள்ளியில் பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த நாற்பது நிமிடத்தில் நான் கற்ற கணக்கு என்னவென்று இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை.

இனி முட்டி. முட்டிச் சில்லுக்கு இரண்டு விரல் கீழே, கால் முன்னெலும்பில் ஒரு சின்ன மேடு இருக்கும். தொடைத் தசையின் நார் வந்து பிடித்திருக்கும் இடம் அது. மகளை நாற்காலியில் உட்காரவைத்து, பெருவிரலால் அந்த மேட்டை மெதுவாக அழுத்துங்கள். "அம்மா, அங்கதான்!" என்று காலை இழுத்துக்கொண்டால், மற்றக் காலைவிட அந்த மேடு கொஞ்சம் புடைத்தும் இருந்தால், அது பெரும்பாலும் ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று நாங்கள் சொல்லும் தொந்தரவு. பெயர்தான் பயமாக இருக்கும். வளர்கிற வயதில் எலும்பு முந்திக்கொண்டு நீளும், தசை பின்தங்கும்; குருத்தாக இருக்கும் அந்த இடத்தைத் தசை இழுக்க இழுக்க வலி வரும். வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் அதுவே போய்விடும். ஆட்டத்தை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. குதிப்பதையும் முட்டி போடுவதையும் கொஞ்ச நாள் குறைத்து, ஆடியபின் துணியில் பனிக்கட்டி சுற்றிப் பத்து நிமிடம் வைத்து, தொடையின் முன்தசையை நீட்டும் பயிற்சி செய்தால் அடங்கும். ஆனால் ராத்திரி தூக்கத்தில் எழுப்பும் வலி, வீக்கம், காய்ச்சல், நொண்டி நடப்பது, முட்டி பூட்டிக்கொள்வது, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் (நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

வலியை நான் இவ்வளவு தூரம் பேசுவதற்குக் காரணம் உண்டு. பதினாறு வயதில் நான் 400 மீட்டர் ஓடியவள். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பயிற்சியாளர் திடீரென்று தினமும் தார் ரோட்டில் பத்து கிலோமீட்டர் ஓட வைத்தார். கால் முன்னெலும்பு வலிக்கிறது என்றேன். "வலிக்குதுன்னு சொல்றவ ஜெயிக்க மாட்டா" என்றார். பத்தாவது நாள் ஓடும்போது கால் ஊன்ற முடியவில்லை. எலும்பில் மயிரிழை விரிசல். அந்த வருடம் போயிற்று, அடுத்த வருடமும் போயிற்று. எலும்பு கட்டுவதற்கு அடி வேண்டும், அடிக்கும் அடிக்கும் நடுவில் ஓய்வும் வேண்டும். அதை அந்த மனிதர் அறிந்திருக்கவில்லை.

ஆகவே டீச்சரிடம் மரியாதையாகச் சில விஷயம் கேளுங்கள். வாரத்தில் மொத்தப் பயிற்சி எத்தனை மணி நேரம்? வயதுக்கு மேல் போகக் கூடாது என்பது நாங்கள் சொல்லும் எளிய கணக்கு; 13 வயதுக்கு 13 மணி நேரம், அதுதான் உச்சம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு உண்டா? வெயில் ஏறுவதற்குள் முடிகிறதா? ஆடுவதற்கு முன்னால் கால் மணி நேரம் உடம்பைச் சூடாக்கி, குதித்து இறங்கப் பழக்குகிறார்களா? கடைசிக் கேள்வி பெண்பிள்ளைகளுக்கு ரொம்ப முக்கியம். முட்டிக்குள் இருக்கும் குறுக்குத் தசைநார் அறுவது பெண்களுக்குத்தான் அதிகம். சரியாக இறங்கப் பழக்கினால் அந்த ஆபத்து பாதி அளவுக்குக் குறைகிறது. நீங்களே வீட்டில் பார்க்கலாம். மகளை நடைப்படியிலிருந்து இரண்டு காலும் சேரக் குதிக்கச் சொல்லி, எதிரே நின்று பாருங்கள். தரையைத் தொடும்போது முட்டி இரண்டும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றோடொன்று இடிக்கப் போகிற மாதிரி வந்தால், தொடைக்கும் இடுப்புக்கும் பலம் போதவில்லை என்று அர்த்தம். கால்விரல் போகும் திசையில் முட்டியும் மடங்கி, சத்தம் இல்லாமல் பூனை மாதிரி இறங்கினால் சரி.

சாப்பாட்டில் உங்களுக்குப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை, நம் ஊரே சொல்லிவைத்திருக்கிறது. வயதுக்கு வந்தபோது உளுந்தங்களி கொடுத்திருப்பீர்களே, அதைச் சடங்கோடு நிறுத்திவிடாதீர்கள். கேப்பை, முருங்கைக்கீரை, முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி, முட்டை, தினமும் பால் அல்லது மோர். ஆடுகிற பிள்ளைக்குப் பசி கூடும், "பொட்டப்பிள்ளைக்கு இவ்வளவு சோறா" என்ற பேச்சு வீட்டில் கேட்கக் கூடாது. சாப்பாடு போதாமல் ஆடினால்தான் மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பும் மெலியும். ஆரம்பத்தில் முன்பின்னாக வருவது சகஜம். மூன்று மாதத்துக்கு மேல் வராமலே இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரத்தச் சோதனை கேட்டேன் அல்லவா? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் 15 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகளில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் மருந்து வேண்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைப் பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் போடுவது எனக்குத் தெரியும், அதையும் விசாரியுங்கள். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், இரும்பைச் சேரவிடாது. தூக்கம் எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். சாயங்காலம் பயிற்சி முடிந்து வரும் பிள்ளையை, அன்றைய பீடி எண்ணிக்கை குறைகிறது என்று இலை நறுக்கவோ பீடி கட்டவோ உட்காரவைக்காதீர்கள். உங்கள் வீட்டில் அப்படி நடக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆலங்குளத்திலிருந்தும் முக்கூடலிலிருந்தும் என்னிடம் வரும் பெண்களின் கழுத்தையும் முதுகையும் தொட்டுப் பார்த்தால், எத்தனை வயதில் பீடி சுற்றச் சுளகை மடியில் வைத்தார்கள் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். உங்களுக்கும் அந்த வலி இருக்கும், எழுதவில்லை. அரை மணிக்கு ஒருமுறை சுளகை இறக்கி வைத்துவிட்டு எழுந்து, வாசல்வரை நடந்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி நிமிர்ந்துவிட்டு உட்காருங்கள். ஆயிரத்தில் பத்துப் பீடி குறையும், பரவாயில்லை. மகள் நாற்பது வயதிலும் எதையாவது ஆட வேண்டும், நடக்க வேண்டும் என்றால், அம்மா அசைவதை அவள் இப்போதே பார்த்திருக்க வேண்டும்.

ஐகிரவுண்டுக்குப் போகிற அன்று மகளின் ஷூவையும் கையோடு எடுத்துப் போங்கள். அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்க்கக் கேட்பார்கள். அப்புறம் அத்தையையும் கூட்டிப் போங்கள். இரண்டு வருடம் ஆகியும் சுளகு பிடிக்க முடியவில்லை என்றால் அந்த மணிக்கட்டுக்குச் செய்ய வேண்டிய பயிற்சி பாக்கி இருக்கிறது. எலும்பு அடர்த்தியையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். பேத்தியின் முட்டியும் பாட்டியின் மணிக்கட்டும் ஒரே நாளில் முடிந்துவிடும், பஸ் செலவும் மிச்சம்.